ஒரு புஷ்ஷுக்காக ஒரு ஜார், ஒரு பேரிங்குக்காக ஒரு டப்

வாஷிங் மெஷின் ஸ்பின்னில் கரகரவென்று இரைகிறது என்று சர்வீசுக்குச் சொன்னால், எஸ்டிமேட்டில் ‘டப் அசெம்பிளி’ என்று ஒரு வரி வரும்: துணி சுற்றும் டிரம்மைச் சூழ்ந்த தொட்டி முழுவதும். மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதி. உள்ளே கெட்டுப்போனதோ தண்டு சுழல உதவும் இரண்டு பால் பேரிங்கும், அவற்றுக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஒரு ஆயில் சீலும்தான். மூன்றையும் பேரிங் கடையில் நல்ல சரக்காகவே வாங்கினாலும் அந்தத் தொகையின் பக்கத்தில்கூட வராது. மிக்ஸி ஜாரின் அடியில் கறுப்பாகத் தண்ணீர் கசிகிறது என்றால் ‘ஜாரை மாத்திடுங்க’ என்பார்கள். தேய்ந்தது, பிளேடின் தண்டைத் தாங்கும் சுண்டுவிரல் அளவு புஷ். அடுப்புக் குமிழ் ஒன்று உடைந்தால் முழு செட்டாக வாங்கச் சொல்வார்கள்.

இந்த எரிச்சல் நியாயமானது. ஆனால் விலை ஏன் ஏறுகிறது என்பது எல்லாப் பாகத்துக்கும் ஒன்றல்ல. உலகம் முழுக்க ஒரே எண்ணில் கிடைக்கும் பாகங்கள் சில: பேரிங், கெப்பாசிட்டர், ரிலே, பெல்ட், ஆர்ஓ மெஷினில் தண்ணீரை வடிகட்டும் மெம்பரேன். இவற்றுக்கு நாம் அதிகம் கொடுப்பது, பாகத்தின் சொந்தப் பெயர் தெரியாமல் மெஷினின் பெயரைச் சொல்லிக் கேட்பதால். அந்தக் கம்பெனி மட்டுமே அச்சு வைத்து வார்க்கும் பாகங்கள் வேறு சில: குமிழ், டோர் காஸ்கெட் எனும் கதவு ரப்பர், சர்க்யூட் போர்டு. இங்கேதான் நாம் உண்மையிலேயே கட்டிப்போடப்படுகிறோம். முதல் வகையை அடையாளம் கண்டுகொண்டாலே செலவில் பெரும்பகுதி குறையும்.

பேரிங்கிலிருந்தே தொடங்கலாம். பழைய பேரிங்கைத் துடைத்துப் பார்த்தால் பக்கவாட்டில் 6205 என்பதுபோல் நான்கு இலக்க எண் இருக்கும். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள் துளையின் விட்டம், மில்லிமீட்டரில். 6205 என்றால் 25, 6206 என்றால் 30. இந்தக் கணக்கு 04லிருந்துதான் பொருந்தும். 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. முழு அளவும் நிலையானது: 6205 எங்கே வாங்கினாலும் 25 × 52 × 15, 6206 என்றால் 30 × 62 × 16. யார் தயாரித்தாலும் மாறாது. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் விடாமல் குறித்துக்கொள்ள வேண்டும். 2ஆர்எஸ் என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி, இசட்இசட் என்றால் தகர மூடி, சி3 என்றால் உள்ளே குண்டுகளுக்குச் சற்றுக் கூடுதல் இடைவெளி. தண்ணீர் புழங்கும் மெஷினுக்கு ரப்பர் மூடிதான் சரி. சி3 என்று போட்டிருந்தால் சி3யே கேளுங்கள்.

பேரிங் பெயரில் போலிச் சரக்கு நிறைய வருகிறது. பெரிய பிராண்டு டப்பா, பாதி விலை என்றால் சந்தேகப்படுங்கள். அந்தக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் பில் போட்டு வாங்கினால் கூடுதலாகப் போவது கொஞ்சம்தான்.

ஃப்ரன்ட் லோடில் பேரிங் தானாகக் கெடுவது குறைவு. முதலில் போவது ஆயில் சீல். அதன் உதடு தேய்ந்ததும் சோப்புத் தண்ணீர் உள்ளே இறங்கி கிரீஸைக் கழுவிவிடும், அதன்பின் துரு, அதன்பின் சத்தம். மெஷினின் பின்பக்கம் அல்லது அடியில் பழுப்பு நிறக் கறை வழிந்திருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. அதனால் சீலை விட்டுவிட்டு பேரிங்கை மட்டும் மாற்றினால் வேலை நிலைக்காது. சில மாதத்தில் அதே சத்தம் திரும்ப வரும். சீலின் அளவு அதன் முகத்திலேயே இருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், தடிமன். மூன்றும் முழு எண்ணாக இருந்தால் பெரும்பாலும் ஆயில் சீல் கடையிலேயே கிடைக்கும். 37 × 66 × 9.5/12 என்று கடைசியில் இரண்டு தடிமன் போட்டிருந்தால் அது படி வைத்த சீல். பொதுக் கடையில் அகப்படாது, வாஷிங் மெஷின் ஸ்பேர் கடையில் மாடலைச் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

டிரம்மின் பின்னால் மூன்று கை விரித்த அலுமினிய ஸ்பைடர் இருக்கும். அதன் நடுத் தண்டில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புது சீல் போட்டாலும் ஒழுகும். கைகள் அரித்துப் பொருக்குப் பொருக்காக இருந்தாலும் ஸ்பைடரையே மாற்ற வேண்டும். உப்புத் தண்ணீரும் சோப்புக் காரமும் சேர்ந்து அலுமினியத்தைத் தின்பதால் வருவது இது. அளவுக்கு மேல் பவுடர் போட்டுக் கடைசி அலசலைக் குறைக்கும் வீடுகளில் சீக்கிரமே வரும்.

கழற்றும் வேலையில் கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. புல்லி போல்ட்டைக் கழற்றியதும் தண்டின் முனையில் நேராகச் சுத்தியால் அடிப்பார்கள், மரை நசுங்கிவிடும். போல்ட்டைப் பாதி திருகி வைத்து, அதன் தலைமேல் மரக்கட்டை கொடுத்துத்தான் தட்ட வேண்டும். பழைய பேரிங்கை எடுக்கும்போது ஒரே பக்கம் தட்டினால் அது கோணி, பிளாஸ்டிக் டப்பின் பேரிங் வீடு விரியும். எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி, பித்தளைக் கம்பி வைத்துத் தட்ட வேண்டும். புதியதை ஏற்றும்போது உள் வளையத்தில் அடிபட்டால் குண்டுகள் ஓடும் தடத்தில் தழும்பு விழும், புது பேரிங் முதல் நாளே இரையும். அடி வெளி வளையத்தில் மட்டும்தான் விழ வேண்டும். அதற்குப் பழைய பேரிங்கின் வெளி வளையத்தையே மேலே வைத்துத் தட்டலாம். பொருத்தும் முன் புதியதை ஓரிரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் சற்றே சுருங்கி லேசாக இறங்கும். அடியில் உட்கார்ந்ததும் தட்டும் சத்தம் மாறும், அதோடு நிறுத்திவிடுங்கள். சீலின் உதட்டில் தண்ணீரில் கரையாத கிரீஸ் தடவி, வெறுங்கையால் அழுத்தி, பிறகு சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்க வேண்டும்.

இவ்வளவும் டப்பின் இரண்டு பாதியும் ஸ்க்ரூவால் இணைந்திருந்தால்தான். சில மாடல்களில் இரண்டு பாதியையும் உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டினால் ஒழுகாது, தயாரிக்கவும் சீக்கிரம் முடியும். ஆனால் சில நூறு ரூபாய் பேரிங்குக்காக முழு டப்பையும் விற்க வழி செய்வதும் அந்த ஒட்டுதான். சில மெக்கானிக்குகள் ஒட்டின கோட்டை ரம்பத்தால் அறுத்து, வேலை முடிந்ததும் சுற்றிலும் துளையிட்டு, சிலிகான் சீலன்ட் தடவி நட்டு போல்ட் போட்டு இறுக்குவார்கள். கைதேர்ந்தவர் செய்தால் நிற்கும். மற்றவர் செய்தால் ஸ்பின் வேகத்தில் கோடு விட்டுத் தண்ணீர் மோட்டார்மேல் விழும்.

தண்ணீர் வெளியேறவில்லை என்றால் டிரெயின் பம்ப் மாற்றும் முன் கீழே முன்பக்கத்து ஃபில்டரைத் திறந்து பாருங்கள். ஹேர்பின், சட்டைப் பொத்தான், நாணயம் பம்பின் சின்ன விசிறியான இம்பெல்லரில் மாட்டியிருக்கும். பம்ப் உண்மையிலேயே போயிருந்தாலும் பல மெஷின்களில் மோட்டார் தனி, பிளாஸ்டிக் கூடு தனி. மூன்று ஸ்க்ரூவோ, திருப்பினால் கழலும் காதுகளோ இருக்கும். மோட்டார் மட்டும் வாட்ஸ், வோல்டேஜ், பொருத்தும் முறை மூன்றும் ஒத்ததாகக் கிடைக்கும். தண்ணீர் மெதுவாக ஏறினால் இன்லெட் வால்வுக்கு எஸ்டிமேட் போட விடாதீர்கள். ஹோஸைக் கழற்றினால் வால்வின் வாயில் சின்ன வலை இருக்கும். மூக்கு நீண்ட பிளையரால் இழுத்து, வினிகரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். வலையைச் சுத்தம் செய்தும் ஏறவில்லை என்றால் வால்வின் காயிலை மீட்டரில் பாருங்கள்: நல்ல காயில் பொதுவாக 4 கிலோ ஓம் பக்கம் காட்டும், போனது ஒன்றுமே காட்டாது.

அதிகப் பணம் போவது சர்க்யூட் போர்டில். ‘பிசிபி போயிடுச்சு’ என்ற ஒரே வாக்கியத்தில் பல ஆயிரம் அடங்கிவிடும். கரண்ட் ஏறி இறங்கும் இடங்களில் முதலில் போவது பெரும்பாலும் கரன்ட் நுழையும் வாசலில் இருக்கும் ஃப்யூஸும், தட்டையான வட்ட வில்லை போன்ற வேரிஸ்டரும். போர்டைக் காப்பாற்றத் தன்னைக் கொடுப்பதே வேரிஸ்டரின் வேலை. அது வெடித்துக் கருகியிருப்பதைப் பார்த்து முழு போர்டும் செத்தது என்று முடிவு கட்டுவது தவறு. அடுத்தது ரிலே: முதுகில் 12 வோல்ட், 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும் சின்னக் கட்டி. உள்ளே எறும்பு புகுந்தால்கூட காண்டாக்ட் கெடும். பிறகு பவர் சப்ளையின் உச்சி உப்பிய கெப்பாசிட்டர். எல்லாமே சென்னை ரிச்சி தெருவில் சில்லறை விலைக்குக் கிடைப்பவை. பொருளுக்கு ஆகும் பணம் சொற்பம். கொடுப்பது கண்டுபிடிக்கும் அறிவுக்கு, அதைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஈரமும் பூச்சியும் அண்டாமல் இருக்கப் பல போர்டுகளை பிசின் ஊற்றி மூடிவிடுகிறார்கள். சுரண்டி எடுப்பது மெதுவான வேலை, எல்லாக் கடையும் ஏற்காது. இன்வெர்ட்டர் மெஷின் போர்டில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். மீட்டர் வைத்து இறங்கிவிட்டதா என்று பார்க்காமல் விரல் வைக்கக் கூடாது.

மிக்ஸிக்கு வருவோம். ஜாரின் அடியில் வழியும் கறுப்பு நீர், தேய்ந்த புஷ்ஷின் உலோகத் தூளும் மசாலாவும் கலந்தது. பிளேடைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடும். மேலும் கீழும் இம்மி நகர்ந்தால் பரவாயில்லை, பக்கவாட்டு ஆட்டம்தான் கெட்டது. உடனே பார்க்காவிட்டால் அந்த நீர், ஜாரை மோட்டாரோடு இணைக்கும் பல் வைத்த கப்ளர் வழியாக மோட்டாரின் மேல் பேரிங்கில் இறங்கும், செலவு பல மடங்காகும். பாத்திரக் கடைத் தெருவில் மிக்ஸி ரிப்பேர் பார்ப்பவர் பழைய புஷ்ஷைத் தட்டி எடுத்து, புது புஷ், தண்டு, வாஷர் போட்டுக் கொடுப்பார். ஜார் அப்படியே இருக்கும். ஜார் அடியில் ஓட்டை விழுந்திருந்தாலோ, புஷ் உட்காரும் கழுத்தே தேய்ந்திருந்தாலோதான் புது ஜார்.

மோட்டார் பக்கத்துக் கப்ளர் பல் உடைவதற்கென்றே மென்மையாகச் செய்த பாகம். ஜாரில் ஏதாவது மாட்டினால் மோட்டாருக்குப் பதில் அது உடைய வேண்டும். அடிக்கடி உடைகிறதே என்று கெட்டியான ஏதோ ஒன்றை மாட்டினால் அடுத்த முறை மோட்டார் உடையும். கழற்றும்போது ஒரு விதி: மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுமோ அதே பக்கம் கப்ளரைத் திருப்பினால் கழலும், ஓட ஓட இறுகும்படிதான் மரை வெட்டியிருப்பார்கள். அடியில் தண்டின் முனையை ஸ்க்ரூ டிரைவரால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பச்சைத் தீப்பொறியும் கருகல் வாடையும் வந்தால் தேய்ந்தது, மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் இரண்டு கார்பன் துண்டுகள். நீளம் 5, 6 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். அகலமும் தடிமனும் கூட்டுக்குள் தளர்ச்சியில்லாமல், இறுகாமல் வழுக்கிப் போகிற அளவில் இருக்க வேண்டும். மலிவான கெட்டிக் கார்பன், தான் உரசும் செம்புப் பட்டைகளான கம்யூட்டேட்டரைத் தின்றுவிடும், அங்கே மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

சீலிங் ஃபேனில் ஒரே பொருளின் இரண்டு காலத்தையும் பார்க்கலாம். பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் 2.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், எலெக்ட்ரிக்கல் கடை எதிலும் கிடைக்கும். சத்தம் போட்டால் பெரும்பாலும் 6202, 6201 பேரிங். எலெக்ட்ரானிக் போர்டால் ஓடும் புது வகை பிஎல்டிசி ஃபேனில் கரண்ட் பாதிக்கும் கீழே குறைகிறது, அது உண்மையான லாபம். ஆனால் கெட்டால் கெடுவது டிரைவர் போர்டு, ஒரு கம்பெனி போர்டு இன்னொன்றுக்குப் பொருந்துமென்று நம்ப முடியாது. அதனால் வாங்கும்போது வாரன்டி எத்தனை வருஷம் என்பதையும் விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆர்ஓ மெஷினும் இதே கதைதான். மேலே பளபளப்பான கூடு. உள்ளே 24 வோல்ட் அடாப்டர், பம்ப், கரண்டில் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு, 1812 என்ற அளவில் ஒரு நாளைக்கு 75 அல்லது 80 கேலன் வடிகட்டும் மெம்பரேன், கால் இன்ச் பைப். பெரும்பாலான மாடல்களில் எல்லாமே பொதுச் சந்தைப் பாகம். மெஷின் ஓடாதபோதும் கழிவு நீர் சொட்டிக்கொண்டே இருந்தால் சோலனாய்டு மூடவில்லை. அதற்கு வருஷக் காண்டிராக்ட் போட வேண்டிய அவசியம் இல்லை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: கழிவு நீர் போகும் வழியை ஒடுக்கும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டரின் எண். 300 இருந்த இடத்தில் 450 போட்டால் அழுத்தம் குறைந்து நல்ல தண்ணீர் குறையும். 450 இருந்த இடத்தில் 300 போட்டால் உப்பு வெளியேறாமல் மெம்பரேன் சீக்கிரம் அடைக்கும். தனி வடிவப் பூட்டு வைத்த கார்ட்ரிட்ஜ் மாடல்களில் இந்தச் சுதந்திரம் கிடையாது.

குமிழ் உடைவது நடுவில் தண்டைக் கவ்வும் கழுத்தில்தான். கழுத்து விண்டிருந்தால் துண்டுகளைச் சேர்த்து, தண்டில் லேசாக வாஸ்லின் தடவி அதன்மேல் குமிழைப் பொருத்தி, கழுத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை நெருக்கமாக நாலைந்து சுற்று சுற்றி, அதன்மேல் இரண்டு டியூப் எபாக்ஸி பூசி ஒருநாள் விட்டுவிடுங்கள். வெறும் ஒட்டு நிற்காது. விரியும் விசையைத் தாங்குவது கம்பி. ஃப்ரிஜ் காஸ்கெட் தளர்ந்திருந்தால் ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வரும் இடத்தில் மட்டும் ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி, வெளியே இழுத்து வடிவத்துக்குக் கொண்டுவந்து, கதவை மூடி ஆறவிட்டால் பல சமயம் சரியாகிவிடும். கிழிந்திருந்தால் அளவெடுத்துச் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய காஸ்கெட்டில் ஒரு சாண் வெட்டிக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் மாட்டும் நாக்கின் வடிவத்தை ஒப்பிட்டே வாங்க வேண்டும்.

சில இடங்களில் விலை பார்க்கக் கூடாது. குக்கரின் சேஃப்டி வால்வும் காஸ்கெட்டும் அதே கம்பெனியின் அதே மாடலுக்கானதாகவே இருக்க வேண்டும். வால்வின் நடுவில் இருக்கும் உலோகம் குறிப்பிட்ட சூட்டில் உருகி ஆவியை விடுவதற்காகச் செய்தது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் மலிவு வால்வு எந்தச் சூட்டில் உருகும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். கேஸ் ஹோஸ், ரெகுலேட்டர், வாஷிங் மெஷின் டோர் லாக் எல்லாம் இந்தக் கணக்குதான். டோர் லாக்கை ஒயர் முறுக்கி பைபாஸ் செய்து தருகிற மெக்கானிக்கைத் திரும்பக் கூப்பிட வேண்டாம்.

கம்பெனிகள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. நூற்றுக்கணக்கான மாடலுக்கு ஆயிரக்கணக்கான சில்லறைப் பாகங்களைக் கிடங்கில் வைத்துக் காப்பதற்குச் செலவு இருக்கிறது. அதற்காக ஒரு ரப்பர் வளையத்தின் விலை பத்து மடங்கு ஏறலாமா என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. கார் பாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் தங்கள் கைக்குள் வைத்திருந்ததாக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் தயாரிப்பாளர்களுக்கு மொத்தம் ரூ.2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது வேறு விஷயம். ஆனால் பாகத்தைக் கட்டிவைப்பது போட்டிச் சட்டத்தின்கீழ் கேள்வி கேட்கக்கூடியது என்பது எழுத்தில் வந்துவிட்டது. வீட்டுச் சாமான்களுக்கு அப்படி எதுவும் இல்லை. 2022 டிசம்பர் 24 அன்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தொடங்கிய ‘ரைட் டு ரிப்பேர்’ தளம் சர்வீஸ், வாரன்டி விவரங்களை ஓரிடத்தில் திரட்டுகிறது. இத்தனை ஆண்டு பாகம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதனால் வரவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் 1 முதல் வாஷிங் மெஷின் பாகங்களை, அந்த மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்ததிலிருந்து 10 ஆண்டுக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலில் டிரம், ஸ்பைடர், பேரிங் மூன்றையும் தனித்தனியாகவோ சேர்த்தோ தரலாம் என்று ஒரு சொல் இருக்கிறது. ‘சேர்த்தோ’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் முழு அசெம்பிளி விலையும் ஒளிந்துகொள்ளும். 2024இல் வந்த புதிய உத்தரவு, பழுதுபார்ப்பைத் தடுக்காத அளவுக்கு நியாயமான விலை வேண்டும் என்று சொல்கிறது; உறுப்பு நாடுகள் அதைச் செயல்படுத்தக் கெடு 2026 ஜூலை 31. இங்கே சட்டம் எழுதும்போது பேரிங், சீல், புஷ், குமிழ் ஆகியவற்றைத் தனித்தனியாக விற்க வேண்டும் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். ‘பாகங்கள்’ என்று பொதுவாக எழுதினால் பயன் இருக்காது.

அதுவரை வீட்டுக்கு வரும் டெக்னீஷியனிடம் கேட்க வேண்டியவை சில. எந்தப் பாகம் என்று வாயால் சொன்னால் போதாது, பார்ட் நம்பர் எஸ்டிமேட்டில் எழுதியிருக்க வேண்டும். புதிய பாகம் உறையோடு உங்கள் முன்னால் பிரிக்கப்பட வேண்டும், உறையில் எம்ஆர்பி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பாகத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கத் தயங்கினால் ஏன் என்று கேளுங்கள். பில்லில் பாகம், கூலி, ஜிஎஸ்டி மூன்றும் தனித்தனியாக வர வேண்டும், மாற்றிய பாகத்துக்கு எத்தனை நாள் வாரன்டி என்பதும்கூட. எம்ஆர்பிக்கு மேல் வாங்கினாலோ, பில் தர மறுத்தாலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம்.

புது மெஷின் வாங்கப் போகும்போது ஷோரூம்காரரிடம் ஆஃபரைப் பற்றிப் பேசி முடித்ததும் சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போடுங்கள். அந்த மாடல் எண்ணைச் சொல்லி, டப் ஸ்க்ரூ போட்டதா ஒட்டினதா, பேரிங்கும் சீலும் தனியாகத் தருவீர்களா, போர்டு என்ன விலை, டோர் காஸ்கெட் என்ன விலை என்று கேளுங்கள். விவரம் தெரிந்த பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் கேட்டாலும் சொல்வார். எந்த டப்பை அறுக்க வேண்டியிருந்தது என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.